கட்டட வேலை மண் வாய்க்காலில் இறங்காமல் தடுப்பது எப்படி?

புரட்டாசி, ஐப்பசி மாதங்களில் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் சம்பா நடவு மும்முரமாக நடைபெறுகிறது. வயலை ஒட்டிய மனைப்பிரிவுகளிலும் அதே நாட்களில் வேலை நிற்பதில்லை. லாரிகள் கிராவல் மண்ணைக் கொட்டுகின்றன. பொக்லைன் இயந்திரம் சாலைக்காக நிலத்தைச் சீவுகிறது. அஸ்திவாரத்திற்குத் தோண்டிய மண் வாய்க்கால் கரையிலேயே குவிந்து கிடக்கிறது. முதல் கனமழையில் இந்த மண் கரைந்து வாய்க்காலில் இறங்குகிறது. இரண்டாவது மழையில் வாய்க்கால் தூர்ந்து, வடிய வேண்டிய தண்ணீர் வயலிலேயே தேங்குகிறது. நட்டு இருபது நாள் கூட ஆகாத பயிர் நுனி தெரியாமல் மூழ்கி அழுகும்போதுதான் விவசாயி பக்கத்து மனையைத் திரும்பிப் பார்க்கிறார்.

புதுச்சேரிப் பகுதியில் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில், அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்றே மாதங்களில் பெய்துவிடுகிறது. 2024 நவம்பர் 30ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, 24 மணி நேரத்தில் 46 செ.மீ.க்குக் குறையாத மழை கொட்டியது. அதையடுத்து சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீரால் தென்பெண்ணை கரைபுரண்டு பாகூர்ப் பகுதிக் கிராமங்களிலும் புகுந்தது. அத்தகைய வெள்ளத்தை எந்த வரப்பும் குழியும் தடுத்து நிறுத்திவிட முடியாது. இங்கு சொல்லப்படும் முறைகள் ஆண்டுதோறும் வருகின்ற 5 செ.மீ., 10 செ.மீ. மழைகளுக்கானவை. ஆனால் வாய்க்காலை மெல்ல மெல்லத் தூர்த்து வைப்பவை இந்தச் சாதாரண மழைகள்தாம். பெருவெள்ளம் வரும்போது தண்ணீர் வடிய வழியில்லாமல் போவதற்கும் அதுவே காரணமாகிறது.

வயல் ஒரு குளம்

நெல் வயலுக்கு 15 செ.மீ. உயரத்தில் வரப்பு இருக்குமானால், அந்த வயல் ஏக்கருக்குச் சுமார் 6 லட்சம் லிட்டர் தண்ணீரைத் தாங்கி நிறுத்தும். 12,000 லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரியில் கணக்கிட்டால் இது 50 லாரித் தண்ணீர். பெரும்பாலான மழைகளில் இந்த நீர் வயலை விட்டு வெளியேறுவதே இல்லை. பாதி மண்ணில் இறங்குகிறது, மீதி மடை வழியே நிதானமாக வடிகிறது.

அதே வயலில் மூன்று அடி உயரத்திற்கு மண் கொட்டி மனையாக்கினால் வரப்பு போய்விடுகிறது. தேங்கிய தண்ணீருக்கு இடமில்லை. லாரிச் சக்கரங்கள் ஓடி இறுகிய தரையில் நீர் இறங்குவதும் இல்லை. ஆகவே 1 செ.மீ. மழை பெய்தால் ஏக்கருக்கு 40,000 லிட்டர் என்ற கணக்கில் அதன் பெரும்பகுதி வெளியே ஓடிவந்து, தாழ்வாக இருக்கும் அடுத்த வயலில் இறங்குகிறது. ஐந்து ஏக்கர் நெல் வயல் மனைப்பிரிவாக மாறினால், முன்பு அங்கே தங்கிய 30 லட்சம் லிட்டர் தண்ணீருக்கு வேறு இடம் தேடியாக வேண்டும். வரைபடத்தில் சாலையும் பூங்காவும் குறிக்கிறவர்கள் இதற்கென ஓர் இடம் குறிப்பது அரிது.

இந்த ஓடுநீர் தனியே வருவதில்லை, மண்ணையும் உடன் கொண்டுவருகிறது. ஓர் ஏக்கரில் 1 மில்லிமீட்டர் கனம் மண் அரித்துச் சென்றால் அது 4 கன மீட்டர், அதாவது ஏறத்தாழ ஒன்றரை யூனிட் மண்ணாகும். ஒரு மில்லிமீட்டர் என்பது கண்ணுக்குத் தெரியாத கனம். மனையில் நிற்பவருக்கு எதுவும் குறைந்ததாகத் தோன்றாது. ஒன்றரை யூனிட் மண் விழுந்த வாய்க்காலைத் தூர் எடுப்பவருக்குத்தான் அதன் அளவு தெரியும்.

மேட்டு மண்ணும் தாழ்ந்த மண்ணும்

வில்லியனூர் கொம்யூனின் வடபகுதியில் சேதராப்பட்டு, கரசூர் பக்கம் நிலம் மேடாகவும் செம்மண்ணாகவும் இருக்கிறது. இந்த மண்ணில் புல் பூண்டு இருக்கும்வரை அரிப்பு அதிகம் தெரியாது. அதைச் சுரண்டி எடுத்துவிட்டால் மழைத்துளி நேரே தரையில் விழுந்து மண் கட்டிகளை உடைக்கிறது. உடைந்த நுண்துகள்கள் துளைகளை அடைத்து மேலே ஏடு போல் படிகின்றன. அதன்பின் தண்ணீர் உள்ளே இறங்காமல் சரிவில் ஓடத் தொடங்குகிறது. விரல் பருமனில் தொடங்கும் ஓடை இரண்டு மூன்று பருவங்களில் ஆள் இறங்கும் பள்ளமாகிவிடும். இப்பகுதியை அடுத்த வானூர் வட்டத்துச் செம்மண் மேடுகளில் இத்தகைய பள்ளங்களைக் காணலாம். அங்கே 1968இல் தொடங்கப்பட்ட ஆரோவில்லில் குடியேறியவர்கள் மரம் நடுவதோடு, நிலத்தைச் சுற்றி மண் வரப்புகள் போட்டு மழைநீரைத் தேக்கும் வேலையையும் செய்யவேண்டியிருந்தது. வரப்பில்லாத இடத்தில் நட்ட கன்றுக்குத் தண்ணீரும் நிற்காது, மண்ணும் நிற்காது.

மேட்டிலிருந்து வரும் மண் கடைசியில் ஏரிக்குத்தான் போகிறது. சங்கராபரணி ஆற்று நீர் சுத்துக்கேணி வாய்க்கால் வழியே ஊசுட்டேரிக்கு வருகிறது. சுற்றுப்புற மேடுகளின் மழைநீரும் அதில் சேருகிறது. புதுச்சேரியின் மிகப் பெரிய ஏரி அது. ஏரியில் படியும் ஒவ்வொரு அடி மண்ணும் அந்த அளவுக்குத் தண்ணீரைக் குறைக்கிறது என்பதை ஆயக்கட்டு விவசாயிகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பாகூர்ப் பகுதியின் நிலைமை வேறு. அங்கே நிலம் சமதளம், மண் களிப்பு. சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் தென்பெண்ணை நீரைப் பாகூர் ஏரிக்குக் கொண்டுவருகிறது. ஏரியிலிருந்து பிரியும் கிளை வாய்க்கால்கள் வயல் வயலாகப் பாய்ந்து, மிகுதி நீர் வடிகால்களில் சேருகிறது. இங்கே சரிவு குறைவென்பதால் மண் அரிப்பு இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. வெளியிலிருந்து கொண்டுவந்து கொட்டிய மண்மேட்டின் ஓரம் செங்குத்தாக நிற்கிறது. அந்த ஓரமே ஒரு சிறு மலைச்சரிவுதான். அது சரிந்து விழுவது பெரும்பாலும் வாய்க்காலிலேயே. ஓட்டம் மந்தமான வாய்க்கால் விழுந்த மண்ணை அடித்துச் செல்லாது. விழுந்த இடத்திலேயே அது தங்கி, ஒரு சாண் மண்கூட நூறு கஜம் தூரத்திற்கு மேல்மடையில் தண்ணீரை ஏற்றிவிடும்.

வண்டல் என்று நம்பிவிட வேண்டாம்

வெள்ளம் கொண்டுவரும் மண் உரம்தானே என்று சிலர் சமாதானம் கொள்வதுண்டு. ஏரி வண்டல் உரம் என்பது உண்மை. ஆனால் கட்டட வேலையிலிருந்து வருவது வண்டல் அல்ல, அடிமண்ணும் கிராவலும். அதில் மக்கு மிகக் குறைவு. மணிச்சத்தும் துத்தநாகமும் பயிருக்கு எட்டும் நிலையில் குறைவாகவே இருக்கும். களிப்பு வயலின் மேல் அது படிந்தால் உழவுக்கும் இடைஞ்சல். கலவை இயந்திரம் கழுவிய சிமெண்ட் தண்ணீரும் சேர்ந்து வருமானால் பாதிப்பு இன்னும் கூடும். சிமெண்ட் கரைந்த நீர் சுண்ணாம்பு நீரைப்போல் கடுங்காரமானது. ஆகவே கலவை கழுவுவதற்கென்று வாய்க்காலிலிருந்து தள்ளி ஒரு குழி வெட்டி, அதற்குள்ளேயே கழுவச் செய்ய வேண்டும். காய்ந்தபின் அந்தக் கட்டியை அள்ளி அகற்றிவிடலாம்.

குழியை விட மூடாக்கு முக்கியம்

மண்ணைத் தடுக்கக் குழி வெட்டினால் போதுமென்று பலரும் கருதுகிறார்கள். குழியின் வேலை என்ன என்பதைச் சற்று விளக்கமாகப் பார்ப்பது நல்லது. கலங்கிய தண்ணீரை அசையாமல் நிறுத்தினால், ஒரு மீட்டர் ஆழத்தைக் கடக்க நுண்மணலுக்கு இரண்டு நிமிடம் போதும். அதைவிடப் பத்து மடங்கு சிறிய வண்டல் துகளுக்குச் சுமார் மூன்று மணி நேரம் பிடிக்கும். களித் துகளுக்குப் பத்து நாளுக்கு மேல் ஆகும். மழைநீர் குழியில் தங்குவதோ சில மணி நேரம். ஆகவே குழி மணலைப் பிடிக்கும், வண்டலில் ஒரு பகுதியைப் பிடிக்கும், களியைப் பிடிக்காது. செம்மண் கலங்கலாக வெளியேறும் தண்ணீர் எவ்வளவு நல்ல குழியையும் தாண்டி வந்துவிடும். களியைத் தடுக்க ஒரே வழி, அது தரையை விட்டுக் கிளம்பாமல் பார்ப்பதுதான்.

அதற்கு மூடாக்கு வேண்டும். ஏக்கருக்கு 2 டன் அளவில் வைக்கோலைப் பரப்பி வைத்தால், மிதமான சரிவில் மண் அரிப்பு வெறுந்தரையில் ஏற்படுவதில் பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். மாட்டுக்குப் போட வேண்டிய வைக்கோலை மனையில் பரப்ப யாருக்கும் மனம் வராது, பரப்பவும் வேண்டியதில்லை. கரும்புச் சோகை, சவுக்குச் சருகு, தென்னை மட்டை ஆகியவையே போதும். கரும்புச் சோகையைத் தோட்டத்திலேயே கொளுத்துகிற விவசாயிகள் அதைக் கட்டடக்காரருக்கு விலைக்குக் கொடுத்துவிடலாம். மூன்று மாதத்திற்கு மேல் வேலை நடக்காது என்று தெரிந்த மனைகளில் ஆடியிலேயே கொள்ளு, சணப்பு, தட்டைப்பயறு இவற்றில் ஒன்றை நெருக்கமாக விதைத்துவிட வேண்டும். ஓரளவு ஈரம் கிடைத்தால் நான்கைந்து வாரத்தில் தரை மூடிக்கொள்ளும். விதைச் செலவு சொற்பம்.

இதைவிடவும் எளிய வழி தேவையில்லாத இடத்தில் நிலத்தைக் கிளறாமல் இருப்பது. பத்து ஏக்கர் மனைப்பிரிவில் இவ்வாண்டு கட்டப்போவது நான்கு வீடுகள் என்றால், பத்து ஏக்கரையும் ஒரே நாளில் சீவி வைப்பதால் யாருக்கும் பயனில்லை. விளம்பரப் பலகைக்குப் பின்னால் நிலம் துப்புரவாகத் தெரிய வேண்டும் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இருப்பதாகத் தெரியவில்லை. சாலைக்கு வேண்டிய இடத்தை மட்டும் வெட்டி, மற்ற இடத்தில் புல்லை விட்டுவைக்கலாம். பெரிய மண்வேலைகளைப் பங்குனியில் தொடங்கி ஆடிக்குள் முடித்துவிட்டால், ஐப்பசி மழைக்குள் ஓரங்களில் புல் வேர் பிடித்துவிடும்.

தரையைச் சீவும்போது மேல்மண் 15 செ.மீ. கனத்தைத் தனியே ஒதுக்கிக் குவிக்க வேண்டும். அது பல தலைமுறை எரு கண்ட மண். பின்னர் தோட்டத்திற்கும் சாலையோரத்திற்கும் அதைத்தான் பரப்ப வேண்டும். குவியல் வாய்க்காலிலிருந்து குறைந்தது 10 மீட்டர் தள்ளி இருக்கட்டும். மேலே சோகையோ தார்ப்பாயோ மூடி, சுற்றிலும் ஓர் அடி வரப்பு போட்டுவிட்டால் போதும்.

தண்ணீருக்கு வழி விடுதல்

மேலிருந்து வரும் நல்ல தண்ணீரை வெறுந்தரை வழியே ஓடவிடக் கூடாது. மனையின் மேல் ஓரத்தில் ஒரு தடுப்பு வாய்க்கால் வெட்டி, அந்த நீரைச் சுற்றிக் கொண்டுபோய்ப் பழைய வாய்க்காலிலேயே சேர்த்துவிட வேண்டும். உள்ளே விழும் மழைநீர் மட்டும் மண் பிடிக்கும் குழிக்குச் சென்றால் குழி சிறிதாக இருந்தாலும் தாங்கும்.

குழியின் அளவுக்கு ஒரு கணக்கு உண்டு. தண்ணீர் வந்து சேரும் ஒவ்வோர் ஏக்கருக்கும் 50 கன மீட்டர் என்பது அமெரிக்க நாட்டில் நெடுங்காலம் வழங்கிவந்த அளவு. அதாவது 10 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், 1 மீட்டர் ஆழம். நம் பகுதியின் ஐப்பசி மழைக்கு இதைக் குறைந்த அளவாகவே கொள்ள வேண்டும். இடமிருந்தால் இரட்டிப்பாக்குவது நல்லது. நீளம் அகலத்தைப் போல் இரு மடங்காவது இருக்க வேண்டும். தண்ணீர் ஒரு முனையில் நுழைந்து எதிர்முனையில் வெளியேற வேண்டும். நுழைவாயும் போக்குவாயும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் தண்ணீர் குழியில் தங்காமல் குறுக்கே ஓடிவிடும். போக்குவாயில் கருங்கல் பரப்பாவிட்டால் அந்த இடமே அரித்துக் கரை உடையும். குழி பாதி நிரம்பியதும் மண்ணை வாரிவிட வேண்டும். வாராத குழி இல்லாத குழிதான். கரைகளைச் செங்குத்தாக வெட்டாமல் சாய்வாக வெட்டிச் சுற்றிலும் முள்வேலி போடுவதைக் கட்டாயமாகக் கொள்ள வேண்டும். மழைக்காலத்தில் கலங்கிய குழியின் ஆழம் தெரியாது. கிராமத்துச் சிறுவர்களும் கன்றுகாலிகளும் நடமாடும் இடம்.

வயலை ஒட்டிய எல்லையில் 3 மீட்டர் அகலத்திற்குப் புல்லைத் தொடாமல் விட்டால், குழியைத் தாண்டி வரும் மண்ணில் ஒரு பகுதி அங்கே தங்கும். அதன் ஓரத்தில் வெட்டிவேர்த் தூர்களை ஒரே வரிசையாக 10 முதல் 15 செ.மீ. இடைவெளியில் நடலாம். வேர் ஆழமாக இறங்கும். தண்டு நெருங்கி வேலி போலாகும். கடலூர் மாவட்டத்தில் விவசாயிகள் வெட்டிவேரைப் பணப்பயிராகவே பயிரிடுவதால் நாற்றுக்குத் தொலைதூரம் போகவேண்டியதில்லை. ஆனால் வரிசை இடைவெளியின்றி மூட ஓராண்டாவது ஆகும். இவ்வாண்டு மழைக்கு அது உதவாது. இவ்வாண்டுக்கு ஜல்லி நிரப்பிய சாக்குகளை எல்லையோரம் நெருக்கி அடுக்குவதே வழி. சாக்கில் மண் நிரப்பினால் தண்ணீர் ஊடுருவாமல் ஓரம் சுற்றி ஓடும்.

பல இடங்களில் பச்சை நிழல்வலையைச் சுற்றிக் கட்டியிருப்பதைக் காணலாம். அது தூசிக்கும் மறைப்புக்கும் ஆனது. வலையின் கண் வழியே சேற்றுநீர் தடையின்றி வரும். அடிப்பாகம் தரையில் பதியாததால் கீழேயும் வரும். துணித் தடுப்பு போடுவதானால் நெருக்கமான நெய்த சாக்குத் துணியைப் பயன்படுத்தி, அதன் அடியில் 15 செ.மீ. மண்ணுக்குள் புதைத்து, 2 மீட்டருக்கு ஒரு கழி நட்டுக் கட்ட வேண்டும். அப்போதும் அது சமதளத்தில் பரவி வரும் நீருக்கு மட்டுமே பயன்படும். ஓடையின் குறுக்கே துணி கட்டுவது வீண் வேலை.

கொட்டுமண் மேட்டின் ஓரத்தை இரண்டுக்கு ஒன்று சாய்வில் அமைக்க வேண்டும். மூன்று அடி உயரத்திற்கு ஆறு அடி சாய்வு. சாய்வின் அடி எல்லைக் கல்லுக்கு உள்ளேயே ஒரு மீட்டர் தள்ளி முடிய வேண்டும். மண்ணை ஒரேயடியாகக் கொட்டாமல் 20 செ.மீ. அடுக்குகளாகப் போட்டு உருளை ஓட்டி, சாய்வில் அறுகம்புல் பற்றைகளைப் பதித்துவிட்டால் சரிவு நிற்கும். இதனால் மனையில் சில அடி வீணாகிறது என்று விற்பவர் முணுமுணுக்கலாம். அந்தச் சில அடி இப்போது பக்கத்து விவசாயியின் வாய்க்காலில் கிடக்கிறது.

லாரிகள் வெளியேறும் வாயிலில் 10, 15 மீட்டர் நீளத்திற்குப் பெரிய ஜல்லி பரப்பினால் சக்கரத்துச் சேறு அங்கேயே உதிர்ந்துவிடும். இல்லையேல் அது சாலைக்கு வந்து, சாலையோர வடிகால் வழியே அதே வாய்க்காலுக்குத்தான் போய்ச்சேரும்.

குழாய் விஷயத்தில் ஏமாற வேண்டாம்

மனைப்பிரிவுக்குச் சாலை போடும்போது குறுக்கே உள்ள பாசன வாய்க்காலில் ஒரு குழாயைப் பதித்து மண் மூடிவிடுகிறார்கள். விவசாயி கேட்டால் தண்ணீர் போகத்தான் குழாய் வைத்திருக்கிறதே என்று பதில் வரும். குழாயின் அளவைப் பார்க்க வேண்டும். கனமழை உச்சத்தில் மணிக்கு 75 மி.மீ. வேகத்தில் பெய்யும்போது, இறுகிய ஓர் ஏக்கர் மனையிலிருந்து நொடிக்குச் சுமார் 67 லிட்டர் தண்ணீர் ஓடிவரும். 200 அடிக்கு 1 அடி வாட்டத்தில் பதித்த 6 அங்குலச் சிமெண்ட் குழாய் நொடிக்கு 11 லிட்டர்தான் கடத்தும். அதே வாட்டத்தில் 12 அங்குலக் குழாய் 68 லிட்டர் கடத்தும். விட்டம் இரு மடங்கானால் கடத்தும் நீர் ஆறு மடங்குக்கு மேலாகிறது. ஆகவே ஓர் ஏக்கர் மனைக்கே 12 அங்குலக் குழாய் தேவை. பாகூர் போன்ற சமதளத்தில் வாட்டம் கிடைக்காது என்பதால் அதுவும் போதாது. மேலும் மண்ணும் செத்தையும் வந்து சிறு குழாயை முதல் மழையிலேயே அடைத்துவிடும். ஆள் குனிந்து மண்வெட்டியால் சுத்தம் செய்யும்படியான திறந்த பெட்டி மதகுதான் வாய்க்காலுக்குப் பொருத்தமானது. அதன் தளம் வாய்க்காலின் பழைய தளத்திற்கு மேலே வரக் கூடாது.

இந்த இடத்தில் விவசாயிகளின் பங்கையும் சொல்லாமல் விட முடியாது. சொந்த வயலில் வீடு கட்டும் விவசாயியும் மாட்டு வண்டி போக 6 அங்குலக் குழாயைத்தான் வாய்க்காலில் போடுகிறார். மண் மிகுதியானால் வாய்க்கால் கரையில் கொட்டுகிறார். வாய்க்காலை ஒட்டிய துண்டு நிலத்தை விற்கும்போது, வடிகால் எந்தப் பக்கம் போகிறது என்பதைப் பத்திரத்தில் குறிப்பவர் அரிது. கீழ்மடைக்காரருக்கு இவரும் ஒரு கட்டடக்காரர்தான்.

யாரிடம், எப்போது சொல்வது?

அமெரிக்காவில் 2003ஆம் ஆண்டு முதல் 1 ஏக்கரும் அதற்கு மேலும் நிலத்தைக் கிளறும் கட்டட வேலைக்கு மழைநீர் அனுமதி பெறவேண்டும். மண் வெளியேறாமல் தடுக்கும் திட்டத்தை எழுதி வைத்திருக்க வேண்டும். நம் நாட்டில் 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டடப் பரப்புள்ள திட்டங்களுக்கு முன் அனுமதியைக் கட்டாயமாக்கியது. கிராமத்தில் எழும் இரண்டு ஏக்கர், ஐந்து ஏக்கர் மனைப்பிரிவும் தனி வீடுகளும் இந்த அளவுக்குள் வருவதில்லை. எனவே இவற்றைக் கவனிக்கும் பொறுப்பு உள்ளூர் அலுவலகங்களையும், அதைவிட முக்கியமாகப் பக்கத்து வயல்காரரையும் சேர்கிறது.

வாய்க்கால் தூர்ந்தபின் மனு கொடுப்பதால் அவ்வாண்டுப் பயிருக்குப் பயனில்லை. பக்கத்து நிலத்தில் எல்லைக் கற்கள் நடத் தொடங்கிய உடனேயே, புலப்படத்தில் வாய்க்காலும் வடிகாலும் எங்கே செல்கின்றன, அகலம் என்ன என்பதைப் பார்த்துவைக்க வேண்டும். வாய்க்காலின் அப்போதைய நிலையைத் தேதியுடன் படமெடுத்து வைப்பது பின்னால் உதவும். பிறகு ஒருவர் தனியாகச் செல்லாமல், அந்த வாய்க்காலில் பாசனம் பெறும் எல்லோரும் கையெழுத்திட்டுக் கொம்யூன் பஞ்சாயத்து ஆணையருக்கும், பொதுப்பணித்துறையின் நீர்ப்பாசனப் பிரிவுக்கும், நகர அமைப்புக் குழுமத்திற்கும் எழுத்து மூலம் தெரிவித்து ஒப்புதல் சீட்டு பெற வேண்டும். மனுவில் பொதுவாகக் குறை கூறுவதைவிட, இந்த இடத்தில் பெட்டி மதகு வேண்டும், இந்த எல்லையில் மூன்று மீட்டர் புல் ஓரம் வேண்டும், இங்கே குழி வேண்டும் என்று அளவோடு கேட்டால் அதிகாரி குறிப்பெழுத வசதியாக இருக்கும். கட்டடக்காரரிடமும் முதலில் நேரில் பேசிப் பார்ப்பது தவறல்ல. சரிந்து போகும் கிராவல் அவர் காசு கொடுத்து வாங்கியதுதான். யூனிட் கணக்கில் சொன்னால் விரைவில் புரியும்.

மண் வந்துவிட்ட வயலுக்கு

எவ்வளவு கவனித்தும் மண் வயலில் இறங்கிவிட்டால், முதலில் மழை விட்டதும் வடிகாலை வெட்டித் தண்ணீரை இறக்க வேண்டும். சேறு இறுகும் முன் வயலில் ஆள் இறங்கி மிதிக்கக் கூடாது. நாற்றின் குருத்து மண்ணால் மூடப்பட்ட இடங்களில் மட்டும் ஓரமாக நின்று தண்ணீர் விட்டு மெல்லக் கழுவிவிடலாம். தண்ணீர் வடிவதற்கு முன் யூரியா இடுவது வீண். வடிந்தபின் பயிர் வெளிறி நின்றால், ஏக்கருக்கு 2 கிலோ யூரியாவையும் 1 கிலோ துத்தநாக சல்பேட்டையும் 200 லிட்டர் நீரில் கரைத்து இலைவழியாகத் தெளிக்கலாம்.

படிந்த மண்ணின் கனம் இரண்டு மூன்று செ.மீ.க்குள் இருந்தால் அறுவடைக்குப்பின் உழுது கலந்துவிடலாம். அதற்கு மேல் கிராவலோ பருமணலோ படிந்திருந்தால் சுரண்டி எடுத்து வெளியேற்றுவதே நல்லது. உழுது கலந்தால் பின்னால் பிரித்தெடுக்க முடியாது. சுரண்டிய மண்ணை வாய்க்கால் கரையில் போடாமல் களத்துமேட்டுக்கோ வண்டிப்பாதைக்கோ கொண்டுபோக வேண்டும். அடுத்த பட்டத்திற்கு முன் தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் தருணத்தில் மடக்கி உழுதால் இழந்த மக்கு ஓரளவு திரும்பக் கிடைக்கும். மண் படிந்த இடத்திலும் படியாத இடத்திலும் தனித்தனியே மாதிரி எடுத்து, குரும்பாப்பேட்டிலுள்ள பெருந்தலைவர் காமராசர் வேளாண் அறிவியல் நிலையத்தையோ அருகிலுள்ள உழவர் உதவியகத்தையோ அணுகி, மண் பரிசோதனை முடிவின்படி உர அளவை அமைத்துக்கொள்ளலாம். இரண்டு மாதிரிகளையும் ஒரே பையில் கலந்து கொடுத்தால் பரிசோதனையால் ஒன்றும் தெரியவராது.